காத்திருப்பு வீட்டின் கூரை

ஜூன் 5, புதன்

என் அன்பு வெல்டருக்கு,

உங்கள் டாக்டரம்மா எழுதுவது; ஊர் சுகாதாரப் பணியாளுக்கு நீங்கள் கொடுத்த பட்டத்தை விடுவேனா? உடம்புக்கு ஒன்றும் இல்லை, வாய்க்கும் ஒன்றும் குறைவில்லை. நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ஜீப் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம்தான். இதை விட்டால் அடுத்த புதன்தான் தபால் மலையை விட்டு இறங்கும். அதனால் கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்ல சேதி. காத்திருப்பு வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது! ஆஸ்பத்திரி கேட்டுக்கு நேர் எதிரே, இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் குளியலறை. இனி நம்ம மலைப் பெண்கள் பிரசவத்துக்கு மூன்று வாரம் முன்னாலேயே இறங்கி, நம்ம ஆட்களோடு நம்ம பேச்சைப் பேசிக்கொண்டு இருந்துவிட்டு, வலி வந்ததும் ரோட்டைத் தாண்டி உள்ளே போகலாம். நாற்பது பெண்கள் நாலு வருஷமாகக் கத்திய கத்தல் இப்போது செங்கல்லாக நிற்கிறது. சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எதிர்க் கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இரும்பும் தகரமும் சர்க்கார் ஆபீசிலிருந்து வந்துவிட்டன. கூரை போட அவர்களே காண்டிராக்டரை அனுப்புகிறோம் என்றார்கள். நம்ம பெண்கள் கூட்டத்தில் வெண்கலத்தொண்டை அக்கா எழுந்து நின்றார். "அவங்க ஆளு கூரை போட்டா அவங்க போர்டு மாட்டுவாங்க. அவங்க வாட்ச்மேன் வாசல்ல உக்காருவான். அப்புறம் நம்ம வீட்டுக்குள்ள போக நாம அவன்கிட்ட கையைக் கட்டி நிக்கணும். வேணவே வேணாம்." எல்லாரும் கை தூக்கினோம். அப்படியென்றால் யார் போடுவது என்று பேச்சு வந்ததும் என் வாய் சும்மா இருக்குமா? "எங்க வீட்டுக்காரர் எதுக்கு இருக்காரு? பெரிய பெரிய ஃபேக்டரிக்கே கூரை போடறவரு" என்று சொல்லிவிட்டேன். அக்கா உடனே தீர்மான நோட்டில் ஏற்றிவிட்டார். பத்து நாள் வேலை. மாதக் கடைசிக்குள் வந்து சேருங்கள்.

இனி கவலை. இப்போது மூன்று பேர் மாசமாக இருக்கிறார்கள். வெண்கலத்தொண்டையின் மருமகள், ரேஷன் கடைக்காரர் மனைவி, உங்கள் தங்கை. மூவருக்கும் முன்னே பின்னே ஆறாம் மாதம். அதில் ஒருத்திக்குப் பிரஷர் ஏற ஆரம்பித்திருக்கிறது. அவள் பிரசவ அட்டையில் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன். அட்டையை அவள் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டாள். யாரென்று எழுதமாட்டேன். கூட்டத்துச் சட்டம் உங்களுக்குத் தெரியாததா? ஒருத்தி உடம்புச் சேதி முதலில் அவளுக்கு. அவள் சரி என்றால்தான் மற்றவருக்கு, அது புருஷனாக இருந்தாலும் அண்ணனாக இருந்தாலும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே உங்கள் தங்கைதானே. முதல் பிரசவத்துக்கு அவளை நீங்கள் தூக்கிக்கொண்டு கீழே ஓடினபோது, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் உங்களிடமும் உங்கள் மச்சானிடமும் கைநாட்டு வாங்கி அறுத்தார்கள். குழந்தை போன சேதியை வராண்டாவில் நின்றவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாகத்தான் அவளுக்குச் சொன்னார்கள். அதை நாம் யாரும் மறக்கவில்லை.

சிவப்புப் பொட்டுக்காரி எட்டாம் மாதத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று பெரிய நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தவறினால் வலிப்பு வரும். புதன் தவிர ஜீப் கிடையாது, இங்கிருந்து தூக்கிக்கொண்டு இறங்க ஆறு மணி நேரம். தாயும் மிஞ்சமாட்டாள், பிள்ளையும் மிஞ்சாது. அவள் சொல்வது ஒன்றே ஒன்று: "நம்ம வீட்டுக்குக் கூரை வரட்டும், போறேன். அந்த வார்டுல போய் நாள்கணக்கா படுக்கமாட்டேன்."

ஆகவே கூரை என்றால் வெறும் தகரம் என்று நினைத்துவிடாதீர்கள். வாருங்கள்.

உங்கள்
டாக்டரம்மா


ஜூன் 16, ஞாயிறு

மகா கனம் பொருந்திய டாக்டரம்மா அவர்களுக்கு,

அடியேன் வெல்டர் நலம். டயர் கடைக்கு மேலே ஆறு பேர் ஒரே அறையில் நலமாக இருக்க முடியுமென்றால், நானும் நலம். ஃபேன் ஒன்றுதான். அது யார் பக்கம் திரும்புகிறது என்பதில் தினமும் தகராறு.

என்ன நியாயம் இது? பிரஷர் பார்க்கக்கூட அனுமதி கேட்கிற கூட்டம், வெல்டரை மட்டும் கேட்காமலே பிடித்துக் கொடுத்துவிடுமா? என் உடம்புச் சேதி முதலில் எனக்கு என்று ஒரு சட்டம் போடச் சொல்லு. சும்மா சொன்னேன். படித்ததும் பெருமையாகத்தான் இருந்தது. அறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

மேஸ்திரியிடம் லீவு கேட்டேன். இந்தக் கிடங்கு ஷெட் முடியாமல் யாரையும் விடமாட்டேன் என்கிறார். ஜூலை முதல் வாரம் பார்க்கலாம். அதற்குள் கூரைக்கு ஒரு படம் போட்டு வைத்திருக்கிறேன், பின்பக்கம் பார். நடு உத்தரத்தைக் கொஞ்சம் தூக்கியிருக்கிறேன்; மேலே காற்று போக இடமிருந்தால் வெயில் காலத்தில் தகரம் சுடாது. பிள்ளை பெறப் போகிறவர்கள் வேர்த்துக் கிடக்கக்கூடாது பார். தகரத்தை மழையில் போட்டு வைக்காதே, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கறை பிடிக்கும்.

குட்டி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? போன தடவை போல மண்ணைத் தின்கிறாளா? அண்ணன் கேட்டதாகச் சொல்லு. அவள் புருஷனிடம் அவளைச் சுமை தூக்கவிடக்கூடாது என்று நான் கட்டளையிட்டதாகவும் சொல்லு. பாவம், அவர் என்ன செய்வார், அவள் சொன்னால் அவரே சுமையாகி உட்கார்ந்துகொள்வார்.

இப்படிக்கு,
தீர்மான நோட்டில் ஏற்றப்பட்ட
உன் வெல்டர்


ஜூன் 26, புதன்

அன்புள்ள வெல்டருக்கு,

உங்கள் படத்தைக் கூட்டத்தில் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்ததில் காகிதம் நாலு துண்டாகிவிட்டது. ஜன்னல் எந்தப் பக்கம் என்பதில் ஒரு மணி நேரம் சண்டை. உங்கள் தங்கைதான் தீர்த்து வைத்தாள்: "கேட்டைப் பாத்து ஜன்னல் வேணாம். உள்ள இருக்கறவ அதையே பாத்துக்கிட்டு இருப்பா." ஜன்னல் பின்பக்கம் என்று நோட்டில் ஏறிவிட்டது.

மாதக் கடைசி என்று நான் கேட்டேன். ஜூலை என்று நீங்கள் எழுதுகிறீர்கள். ஜூலையிலும் "பார்க்கலாம்" என்று ஒரு வாலை ஒட்டியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வால் பிடிக்கவில்லை.

அந்த ஒருத்திக்கு இந்த வாரம் இன்னும் கூடியிருக்கிறது. என் பிரஷர் மிஷினில் ரப்பர் பல்பு லேசாகக் கசிகிறதே, அதுதான் தப்புக் காட்டுகிறதோ என்று மூன்று தடவை அமுக்கிப் பார்த்தேன். மிஷின் சரியாகத்தான் இருக்கிறது. நர்சம்மா கொடுத்த மாத்திரையை என் கண் முன்னாலேயே விழுங்க வைக்கிறேன். மாத்திரை தள்ளிப்போடும், தடுக்காது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

சும்மா இருக்க முடியாமல் போன வாரம் சுவருக்கு மேலே தார்ப்பாய் கட்டி, அவளை ஜீப்பில் கூட்டிப்போய்க் காட்டினேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆட்டுக்கொட்டகை நல்லா இருக்கு, ஆடு எங்க?" என்றாள். சிரிக்கிறதா அழுகிறதா சொல்லுங்கள். அன்று சாயங்காலமே காற்றில் தார்ப்பாய் கிழிந்து போனது, அது வேறு.

அவளை அதட்டலாம். குழந்தை செத்துப் போகும் என்று பயமுறுத்தலாம். கீழே இருப்பவர்கள் அதைத்தானே இத்தனை வருஷம் நமக்குச் செய்தார்கள்? நானும் செய்தால் என் கழுத்தில் தொங்குகிற இந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிடலாம். என்னால் ஆனது ஒன்றுதான், உங்களை விரட்டுவது. விரட்டுகிறேன். வாருங்கள்.

உங்கள்
டாக்டரம்மா


ஜூலை 7, ஞாயிறு

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்று பேர் என்றாய். அதில் குட்டியும் ஒருத்தி. அவள் இல்லையே? ஒரே ஒரு வார்த்தை எழுது, போதும். உங்கள் சட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவள் எனக்குத் தங்கை மட்டும் இல்லை, அம்மா போனபிறகு நான் தலைவாரிவிட்டு வளர்த்தவள். எனக்குக்கூடச் சொல்லக்கூடாதா?

லீவு இப்போதும் இல்லை என்கிறார் மேஸ்திரி. மழைக்கு முன்னால் கிடங்கை ஒப்படைக்க வேண்டுமாம். தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், மசியவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த கேட்டுக்கு எதிரேதான் இடம் கிடைத்ததா? கொஞ்சம் தள்ளி, பஸ் நிலையத்துப் பக்கம் எங்காவது கட்டியிருக்கலாமே. அந்த வாசலில் குட்டியின் முதல் குழந்தையை அட்டைப் பெட்டியில் வைத்துக் கையில் கொடுத்தபோது நான் நின்ற இடம் இன்னும் அப்படியே கண்ணில் இருக்கிறது. சரி, சுவர் எழும்பிவிட்டது, இனி பேசி என்ன.

குட்டியைப் பற்றி எழுது. மறக்காதே.

உன்
வெல்டர்


ஜூலை 17, புதன்

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் கேட்ட ஒரு வார்த்தையை எழுத முடியாமல் ஜீப்பை ஒரு புதன் விட்டுவிட்டேன். இந்தப் புதனும் முடியவில்லை. ஆனால் எழுதாமல் இருந்தால் அதுவே ஒரு பதிலாகிவிடும்.

"அவள் இல்லை" என்று ஒருத்தியைப் பற்றிச் சொன்னால், நாளைக்கு இன்னொருத்தியைப் பற்றி நான் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது "அவள்தான்" என்று ஆகிவிடும். அதனால் யாரைப் பற்றியும் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. ரேஷன் கடைக்காரர் என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அவருக்கும் இதைத்தான் சொன்னேன். உங்களுக்கு மட்டும் வேறு சட்டம் வைத்தால் நாற்பது பெண்களும் நாளையிலிருந்து என்னிடம் கை நீட்டமாட்டார்கள். என்மேல் கோபப்படுங்கள், பரவாயில்லை. கோபப்பட்டுக்கொண்டே பஸ் ஏறுங்கள். யாராக இருந்தால் என்ன, அந்தப் பெண்ணுக்கு ஏழரை மாதம் ஆகிவிட்டது.

உங்கள் தங்கை இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் கேட்டதைச் சொன்னேன். தானே பதில் சொல்கிறேன், நீ எழுது என்கிறாள். அவள் சொல்லச் சொல்ல ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்:

"அண்ணா, நான் நல்லா இருக்கேன். மண்ணெல்லாம் திங்கல, அண்ணி திங்கவிட்டாத்தானே. வயிறு ரொம்ப பெருசா இருக்கு, உன்னாட்டம் மண்டை பெருத்த பய உள்ள இருக்கான் போல. நீ கவலைப்பட்டு ஓடி வந்துடாத. வந்தா கூரை போட வா, என்னைத் தூக்க வராத. நான் நடந்தே போவேன்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. கைரேகை வைக்கட்டுமா என்று கேட்டாள், சிரித்துக்கொண்டே. வேண்டாம் என்றேன்.

வேறு என்ன எழுத? பேனா ஓடமாட்டேன் என்கிறது. எப்போது வருகிறீர்கள் என்ற தேதியை மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
டாக்டரம்மா


ஜூலை 28, ஞாயிறு

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

குட்டி சொன்னதைப் படித்தபிறகுதான் உயிர் வந்தது. மண்டை பெருத்த பயலாம்! வரட்டும், அவள் காதைத் திருகுகிறேன். அறையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். ஒருவன் அவள் சொன்ன மாதிரியே என் தலையை அளந்து பார்த்தான்.

உன்மேல் எனக்குக் கோபம் எல்லாம் இல்லை. நீ பிடித்த பிடியை விடமாட்டாய் என்று தெரிந்துதானே கட்டிக்கொண்டேன். அந்த இன்னொரு பெண்ணை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. யாராக இருந்தாலும் நம்ம வீட்டுப் பெண் மாதிரிதான்.

எனக்கு இங்கே நாலு பேரை மேய்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். மேஸ்திரி ஆகஸ்ட் இருபதுக்கு மேல்தான் விடுவார் என்று தெரிகிறது. அதுவரை ஆகாது என்றால், கீழே டவுனில் வெல்டிங் கடை இல்லாமலா இருக்கும்? ஒரு ஆளைப் பிடித்து முடித்துவிடேன். கூட்டத்தில் என் பெயரை அடித்துவிடச் சொல்லு, நான் வருத்தப்படமாட்டேன்.

உன்
வெல்டர்


ஆகஸ்ட் 7, புதன்

உங்களுக்கு,

இப்போதே கிளம்புங்கள். இதைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள்.

குட்டிதான். ஜூன் மாதத்திலிருந்து அவள்தான். இன்று காலையில் அவள் வாயாலேயே, "அண்ணாவுக்கு எழுது அண்ணி, சொல்லிடு" என்றாள். அதனால் எழுதுகிறேன். இரண்டு மாதம் இந்த ஒரு வரியை வயிற்றுக்குள் வைத்திருந்தேன். அன்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேனே, ஒவ்வொரு வார்த்தையும் என் கையை அறுத்தது. பொய் எழுதுகிறோம் என்று தெரிந்தே எழுதினேன். அது அவள் கடிதம், அவள் இஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உங்களிடம் ஏன் சொல்லவேண்டாம் என்றாள் தெரியுமா? "அண்ணன் வந்தா என்னைக் கேக்கமாட்டான். தூக்கிடுவான். அவனுக்கு என்மேல அவ்வளவு பாசம்" என்றாள்.

நேற்றிலிருந்து தலைவலி. கால் வீங்கி அமுக்கினால் குழி விழுகிறது. கண் முன்னால் பொறி பறக்கிறது என்கிறாள். பெருமையைத் தூக்கிப் போட்டுவிட்டு டவுன் வெல்டரையும் கூப்பிட்டுப் பார்த்தேன். வந்து அளந்துவிட்டுப் போனார். மழை நிற்கட்டும் என்றார். மழை நிற்கவில்லை. இப்போது குட்டிக்கே பயம் வந்துவிட்டது. "கூரை இல்லாட்டி போகுது, அண்ணன் வந்து என்கூட உள்ள இருக்கட்டும், போறேன்" என்கிறாள். அதற்காக நாளைக் கடத்த நான் விடமாட்டேன். நீங்கள் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. இன்றைய ஜீப்பில் ஏற அவள் ஒப்பவில்லை; ராத்திரிக்குள் பேசிச் சம்மதிக்க வைத்து, நாளைக் காலையிலேயே தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குகிறோம். மச்சானுக்கும் சொல்லியாகிவிட்டது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீங்கள் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

ஜீப்காரர் ஹாரன் அடிக்கிறார்.

சீக்கிரம் வாருங்கள்.


ஆகஸ்ட் 28, புதன்

அன்புள்ள உங்களுக்கு,

நான் போன புதன் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. எழுதமாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் குழந்தையைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டு கிலோவை எட்டிவிட்டாள். நர்சம்மா அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மச்சான் அவளைத் தூக்குவதில்லை, தள்ளி நின்று பார்க்கிறார். வெண்கலத்தொண்டை அக்காவின் மருமகளுக்குப் போன வாரம் பிரசவம் ஆயிற்று, அவள்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுக்கிறாள். நீங்கள் அன்று குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டீர்கள். உங்களைப் போல் மண்டை பெருத்தவள்.

அன்று நடந்ததை உங்களிடம் சொல்ல நீங்கள் இடம் கொடுக்கவில்லை. வியாழக்கிழமை நாலு பேர் தூக்கினோம். பாதி வழியில் முதல் வலிப்பு வந்தது. தலைக்கு அடியில் துணியை மடித்து வைத்துப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். படித்ததையெல்லாம் செய்தேன். ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் ஏறியிருந்தது, இறங்கும்வரை இரண்டு மணி நேரம் நின்றோம். நின்றோம் என்று எழுதுகிறேனே, அந்த இரண்டு மணி நேரத்தை நான் இன்னும் தாண்டவில்லை. நர்சம்மா ராத்திரி முழுக்க அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. குழந்தையை எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் குட்டி போய்விட்டாள். இந்தத் தடவை சேதியை வராண்டாவில் சொல்லவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள்.

சேதி சொல்லப் போன ஆளோடு அடக்கத்துக்கு வந்து அவள் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்தீர்கள். சிவப்புப் பொட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும் கேட்டீர்கள்: "தெரிஞ்சே இருந்திருக்கே. ரெண்டு மாசமா தெரிஞ்சே எனக்கு எழுதாம இருந்திருக்கே." நான் வாயைத் திறக்கவில்லை. கடிதம் வழியில் இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்தது.

நீங்கள் சொன்னதை ஊர் பிடித்துக்கொண்டது. ரேஷன் கடைக்காரர் மனைவி இப்போது பிரஷர் பார்க்க வருவதில்லை. நான் போனால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவளுக்கு இது ஒன்பதாம் மாதம். மற்றவர்களும் என் பையைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். நாலு வருஷம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உட்கார்ந்து சேர்த்தது இரண்டு வாரத்தில் கலைந்துவிட்டது.

திங்கட்கிழமை கூட்டம். உயிருக்கு ஆபத்து என்றால் அவளைக் கேட்காமலே வீட்டுக்குச் சொல்லலாம் என்று சட்டத்தை மாற்றலாமா என்று பேச்சு. வெண்கலத்தொண்டை அக்கா அன்றைக்கு முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். பாதிப் பேர் கை தூக்கினார்கள், பாதிப் பேர் தூக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கை மடியிலேயே கிடந்தது. தூக்கினால், குட்டி போட்ட சட்டத்தை அவள் போன பிறகு அவளைக் கேட்காமல் பிடுங்குகிறேன். தூக்காவிட்டால், அவளைப் போல இன்னொருத்தியையும் இதே மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறேன். எது சரியென்று எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. முன்பெல்லாம் உங்களுக்குத்தான் எழுதிக் கேட்பேன்.

அடுத்த திங்கள் அல்ல, அதற்கடுத்த திங்கள் மறுபடி கூட்டம். அதுவரை தள்ளி வைத்திருக்கிறார்கள்.

தகரம் சுவரோரம் நனைந்துகொண்டிருக்கிறது.

உங்கள் மனைவி


செப்டம்பர் 1, ஞாயிறு

அன்புள்ள உனக்கு,

இந்த வாரம் நீ என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. நீ ஏதாவது எழுதியிருந்தால் அது இன்னும் வழியில் இருக்கும். நான் எழுத உட்கார்ந்தது உன் ஆகஸ்ட் ஏழாம் தேதிக் கடிதத்துக்கு. அடக்கம் முடிந்து நான் இங்கே திரும்பி இரண்டு நாள் கழித்து அது வந்தது. கவரில் உன் கையெழுத்தைப் பார்த்து, திட்டி எழுதியிருக்கிறாய் என்று நினைத்துப் பிரிக்காமல் வைத்திருந்தேன். உன் அதற்கடுத்த கடிதத்தையும் அதன் மேலேயே வைத்தேன். நேற்றுதான் பிரித்தேன். "இப்போதே கிளம்புங்கள்" என்று இருந்தது. ஒரு நிமிஷம் நான் எழுந்து சட்டையைத் தேடினேன். அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், வளைத்தால் சொல்லமாட்டேன்.

நான் லீவு கேட்கவே இல்லை. ஜூனில் கேட்கவில்லை, ஜூலையில் கேட்கவில்லை. மேஸ்திரி விடமாட்டேன் என்றார், மசியவில்லை என்றெல்லாம் எழுதினேனே, அவரிடம் நான் வாயே திறக்கவில்லை. அந்த கேட்டுக்கு எதிரே உத்தரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து பத்து நாள் அந்த வாசலைப் பார்க்க என்னால் ஆகாது என்று இருந்தது. ஒவ்வொரு தடவையும் அடுத்த மாதம் முடியும் என்று நினைத்தேன். சிவப்புப் பொட்டுக்காரி குட்டி இல்லை என்று நம்பியதும் இன்னும் சுலபமாகத் தள்ளிப்போட்டேன். யாரோ ஒரு பெண்தானே என்று. நம்ம வீட்டுப் பெண் மாதிரி என்று எழுதியதும் நான்தான்.

நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எத்தனை நாள் வேணும்?" என்றார். இருபது என்றேன். "போய்ட்டு வா" என்றார். அவ்வளவுதான். அவர் அடுத்த வாய் வைப்பதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு மாதம் நான் பயந்து தள்ளிப்போட்டது அந்த ஒரு கவளத்து நேரம்.

உன்னை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டேன். தெரிந்தே எழுதாமல் இருந்தாய் என்றேன். நீ வாயைத் திறக்காமல் நின்றது இப்போது என்னைத் தூங்கவிடவில்லை. நீ ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் வா வா என்றுதான் எழுதியிருக்கிறாய். எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். அதைத் தவிர நீ வேறு எதுவுமே எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை கீழே வந்துவிடுவேன். நேராக அந்த வீட்டுக்குப் போய் வேலையை ஆரம்பிக்கிறேன். மழை பெய்தாலும் நிறுத்தமாட்டேன். முடிந்தபிறகு மேலே வருவதா, அங்கிருந்தே பஸ் ஏறுவதா என்பதை நீ சொல்கிறபடி செய்கிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஊர் இந்நேரம் உன்னை என்ன பேசிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஆரம்பித்து வைத்தவன் நான். அதனால் இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் படி. ஒரு வரி விடாமல் படி. ஆம்பளைகளை உள்ளே விடமாட்டீர்கள், விட்டாலும் அத்தனை பேர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்குமா என்று தெரியவில்லை. இது என் சேதி. முதலில் உனக்குச் சொல்லிவிட்டேன். இனி எல்லாருக்கும் சொல்லலாம், என் மச்சானுக்கும்.

உன்
வெல்டர்